‘அசல் ஒலிப்பதிவு’ என்று எழுதும் முன்: போர் வரலாறு சொல்லும் தமிழ் அலைவரிசையினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இரண்டாம் உலகப் போரின் வரலாற்றைத் தமிழில் காணொளிகளாகவும் ஒலித்தொடர்களாகவும் வழங்கிவரும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் ஓரிரு பக்கங்களில் முடிந்துபோகும் ஒரு போரை மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்க வைக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகள் ஸ்டாலின்கிராடைப் பற்றியும் பெர்லினைப் பற்றியும் தமிழில் விவாதிக்கிறார்கள் என்றால் அதில் உங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மரியாதை இருப்பதால்தான் வாதாட வருகிறேன்.

பழைய ஒலித்தட்டுகளையும் நாடாக்களையும் கணினிக்கு மாற்றுவது என் தொழில். அண்மையில் பரவலாகப் பகிரப்பட்ட ஒரு தமிழ்க் காணொளியை நண்பர் அனுப்பியிருந்தார். குண்டுவீச்சு விமானத்துக்குள் பதிவான அசல் குரல்கள் என்று தலைப்பு. அமெரிக்க வீரர்கள் பதற்றத்தோடு பேசிக்கொள்கிறார்கள். பின்னணியில் குண்டுகள் விசிலடித்துக்கொண்டு விழுகின்றன. கீழே அவை வெடிக்கும் ஓசை தெளிவாகக் கேட்கிறது. நிகழ்ச்சியை வழங்கியவர், “இது நடிப்பல்ல, உண்மையில் சாவின் விளிம்பில் இருந்தவர்களின் குரல்” என்று நெகிழ்ந்து சொல்கிறார். அலைவரிசையின் பெயர் இங்கே தேவையில்லை. இதே தவறு ஆங்கிலத்திலும் நூற்றுக்கணக்கான இடங்களில் நடக்கிறது. நம்மவர்கள் அங்கிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

அந்தக் குரல்கள் வில்லியம் வைலர் இயக்கி 1944-இல் வெளியான ‘மெம்ஃபிஸ் பெல்’ ஆவணப்படத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. வைலரும் அவருடைய ஒளிப்பதிவாளர்களும் 1943-இல் பி-17 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் ஏறி, ஐரோப்பாவின் மீது பறந்து, 16 மி.மீ. வண்ணப் படச்சுருளில் படம் பிடித்தார்கள். அந்தக் காட்சிகள் உண்மையானவை, உயிரைப் பணயம் வைத்து எடுத்தவை. ஆனால் அந்தக் கேமராக்கள் ஒலியைப் பதிவு செய்யவில்லை. படத்தில் கேட்கும் இன்டர்காம் உரையாடலை, அதாவது விமானத்துக்குள் கம்பி வழியாக வீரர்கள் தமக்குள் பேசிக்கொள்வதை, போர்முனையிலிருந்து அமெரிக்கா திரும்பிய பிறகு அந்தக் குழுவினரே ஒலிக்கூடத்தில் பேசிக் கொடுத்தார்கள். எஞ்சின் இரைச்சலும் வெடியோசையும் பிறகு சேர்க்கப்பட்டன. வைலரின் குழுவில் ஹாலிவுட்டில் ஒலிப்பதிவாளராக இருந்த ஹெரால்ட் டானன்பாம் என்பவரும் இருந்தார். 1943 ஏப்ரலில் கேமராவுடன் ஏறிய பி-24 குண்டுவீச்சு விமானம் பிரான்ஸின் மீது சுட்டு வீழ்த்தப்பட்டு அவர் இறந்தார்.

ஆகவே “அந்த வீரர்களின் உண்மையான குரல்” என்றால் சரி. “அந்த நேரத்தில் பதிவான குரல்” என்றால் தவறு. இந்த வித்தியாசத்தைச் சொல்ல உங்கள் காணொளியில் ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஏனென்றால் உண்மையிலேயே விமானத்துக்குள், உண்மையிலேயே அந்த இரவில் பதிவான ஒலி இருக்கிறது. 1943 செப்டம்பர் 3 இரவு, இங்கிலாந்தின் லாங்கர் தளத்திலிருந்து பெர்லினுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் விமானப்படையின் 207-ஆம் ஸ்குவாட்ரனின் (படையணியின்) நான்கு எஞ்சின் லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் பி.பி.சி. செய்தியாளர் வின்ஃபோர்ட் வான்-தாமஸும் ஒலிப்பொறியாளர் ரெஜினால்ட் பிட்ஸ்லியும் ஏறினார்கள். விமானி கென் லெட்ஃபோர்ட். விமானத்தின் அடையாள எழுத்து ‘எஃப்’; அதை ‘எஃப் ஃபார் ஃபிரெடி’ என்று அழைப்பார்கள். பறக்கும் விமானத்துக்குள் தட்டுவெட்டும் கருவியை வைத்து, லாக்கர் பூசிய தட்டில் ஊசியால் நேரடியாக ஒலியைக் கீறிப் பதிவு செய்தார் பிட்ஸ்லி. விமானம் சாய்ந்தாலும் குலுங்கினாலும் ஊசி தடத்தை விட்டு ஓடிவிடும் ஆபத்து. தட்டின் ஒரு பக்கம் சில நிமிடங்களுக்குத்தான் வரும். குளிரில் விரைத்த விரல்களோடு, ஆக்சிஜன் குழாயை மாட்டிக்கொண்டு, இருட்டில் அவர் தட்டு மாற்றியதை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. அந்த இரவு 316 லான்காஸ்டர்களும் 4 மொஸ்கிட்டோ விமானங்களும் பெர்லினுக்குச் சென்றன. 22 லான்காஸ்டர்கள் திரும்பவில்லை. இவர்கள் திரும்பி வந்தார்கள், தட்டுகளோடு. பி.பி.சி. அதை ஒலிபரப்பியது. இன்றும் கேட்கலாம்.

ஒலிக்கூடத்தில் பேசிய பதிவையும் இதையும் “அசல்” என்ற ஒரே பெயரில் அடுத்தடுத்து வைத்தால், பிட்ஸ்லி செய்த வேலை என்னவென்றே நேயருக்குத் தெரியாமல் போகும். அதுமட்டுமல்ல. ஒலிக்கூடப் பதிவுதான் காதுக்கு இதமாக, தெளிவாக, பரபரப்பாக இருக்கும். அதைக் கேட்டுப் பழகிய நேயர், உண்மைப் பதிவைக் கேட்கும்போது “இது என்ன, ஒன்றுமே புரியவில்லை” என்று நகர்ந்துவிடுவார். போலி தன் இடத்தைப் பிடிப்பதோடு நிற்பதில்லை, அசலைக் கேட்கும் காதையும் கெடுத்துவிடுகிறது.

சரி, எப்படிப் பிரித்தறிவது? காதை நம்புவதற்கு முன் காகிதத்தைத் தேடுங்கள் என்பேன். நிலம் வாங்கப் போகிறவர் மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பதோடு நிற்பதில்லை. மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்று எங்கே என்று கேட்கிறார். ஒலிப்பதிவுக்கும் மூலப்பத்திரம் உண்டு. யார் பதிவு செய்தார், எந்த விமானத்தில், எந்தத் தேதியில், எந்தக் கருவியில், மூலத்தட்டு இப்போது யாரிடம் இருக்கிறது? லெட்ஃபோர்டின் விமானப் பயணத்துக்கு இத்தனைக்கும் பதில் இருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படையின் ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் தினமும் செயற்பாட்டுப் பதிவேடு எழுதியது. எந்த விமானம், யார் யார் ஏறினார்கள், எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்று அதில் இருக்கும். லண்டனை அடுத்த கியூ நகரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏ.ஐ.ஆர். 27’ என்ற வரிசையில் அவை பாதுகாக்கப்படுகின்றன. பதிவில் கேட்கும் பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது.

‘எஃப்’ என்ற எழுத்தைச் சொன்னேன் அல்லவா, அதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. 1941-இல் பிரிட்டிஷ் அரசின் கிரவுன் திரைப்படப் பிரிவு ‘டார்கெட் ஃபார் டுநைட்’ என்ற படத்தை வெளியிட்டது. இயக்கியவர் ஹாரி வாட். அதில் தோன்றுபவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர், விமானப்படையில் பணியில் இருந்த வீரர்கள். ஆனால் விமானத்தின் உட்புறக் காட்சிகள் தரையில் அமைத்த மாதிரிக்குள் எடுக்கப்பட்டவை, உரையாடலும் எழுதித் தந்தது. அந்தப் படத்தில் வரும் வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தின் பெயரும் ‘எஃப் ஃபார் ஃபிரெடி’தான்! ஸ்குவாட்ரனுக்கு ஓர் ‘எஃப்’ இருக்கும் என்பதால் இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இணையத்தில் அந்தப் பெயரை வைத்துத் தேடுகிறவர் கையில் படத்தின் துண்டும் கிடைக்கும், பெர்லின் பதிவும் கிடைக்கும். இரண்டையும் ஒன்றாக ஒட்டி வெளியிட்டதை நான் கேட்டிருக்கிறேன். ஒன்று 1941-இல் எடுத்த வெலிங்டன், மற்றது 1943-இல் பறந்த லான்காஸ்டர்.

இன்னொரு குழப்பம் அமெரிக்க வானொலிச் செய்தியாளர் எட்வர்ட் மரோவைச் சுற்றி. 1943 டிசம்பர் 2 இரவு அவர் ஒரு லான்காஸ்டரில் பெர்லின் சென்று திரும்பி, மறுநாள் அமெரிக்க வானொலிக்குச் சொன்ன வர்ணனை மிகப் புகழ்பெற்றது. அது லண்டன் ஒலிக்கூடத்தில் அமர்ந்து, எழுதி வைத்துப் படித்தது. அக்காலத்தில் சி.பி.எஸ்., என்.பி.சி. போன்ற பெரிய அமெரிக்க வானொலி நிறுவனங்கள் பதிவு செய்த ஒலியைச் செய்திகளில் ஒலிபரப்ப மறுத்தன; எதுவும் நேரடியாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் கொள்கை. ஆகவே மரோவின் குரலுக்கு அடியில் எஞ்சின் இரைச்சல் கேட்டால், அது பின்னாளில் யாரோ கலந்தது. பி.பி.சி. செய்தியாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி அதே ஆண்டு ஜனவரியில் பிரிட்டிஷ் விமானி கை கிப்சனின் விமானத்தில் பெர்லின் சென்றதும் அப்படித்தான்: திரும்பி வந்து சொன்ன வர்ணனை, விமானத்தில் பதிவானது அல்ல. இவை போலிகள் அல்ல, மகத்தான செய்தி வர்ணனைகள். அவற்றை அவையாகவே வழங்கினால் போதுமே!

காகிதம் கிடைக்காத பதிவுகளும் உண்டு. வலைத்தளத்தில் எவரோ ஏற்றியது, விவரமே இல்லாதது. அங்கேதான் காது வேலை செய்ய வேண்டும், ஆனால் எச்சரிக்கையோடு.

எஞ்சினிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் எனக்கு மிகப் பிடித்த சாட்சி. லான்காஸ்டரின் மெர்லின் எஞ்சினில் 12 சிலிண்டர்கள். ‘ஃபோர்-ஸ்ட்ரோக்’ எஞ்சின், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும் என்பதால் ஒரு சுற்றுக்கு ஆறு வெடிப்புகள். நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடினால் நொடிக்கு 240 வெடிப்பு, அதாவது 240 ஹெர்ட்ஸ். ப்ரொப்பெல்லர் அதே வேகத்தில் சுற்றாது. பல்சக்கரம் அதை 0.42 மடங்காகக் குறைக்கிறது. மூன்று இதழ்கள் காற்றை அறையும் ஓசை அப்போது 50.4 ஹெர்ட்ஸில் வரும். மலை ஏறுவதுபோல் எஞ்சின் திணறும் ஏற்றப் பறப்பில் 2,850 சுற்று என்றால் அது கிட்டத்தட்ட 60.

இந்த எண்கள் எதற்கு என்று கேட்பீர்கள். விமானத்தில் இருப்பது நேர்மின்சாரம். வீட்டு மின்சாரத்தின் ரீங்காரம் அங்கே இருக்காது. அதனால் பழைய பதிவைக் கணினியில் பிரித்துப் பார்க்கும் சிலர், 50 ஹெர்ட்ஸில் ஒரு கோட்டைக் கண்டதும் “ஆகா, பிரிட்டிஷ் ஒலிக்கூடத்து மின்சாரம், இது போலி” என்று அறிவித்துவிடுகிறார்கள். 60-இல் கண்டால் “அமெரிக்க ஒலிக்கூடம்” என்கிறார்கள். மேலே உள்ள கணக்கைப் பாருங்கள். லான்காஸ்டரின் ப்ரொப்பெல்லரே அந்த இரண்டு எண்களுக்கும் பக்கத்தில் பாடும். வேறுபடுத்தும் வழி இதுதான்: மின்சார ரீங்காரம் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும், எஞ்சின் ஓசை விமானியின் கைக்கு ஏற்ப மேலும் கீழும் நகரும். அதோடு, நான்கு எஞ்சின்களும் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடுவது அரிது. அவற்றுக்கிடையே உள்ள சிறு வித்தியாசம் “வூம்… வூம்…” என்ற ஏற்ற இறக்கமாகக் கேட்கும். திரைப்படங்களில் சேர்க்கும் எஞ்சின் ஒலி பெரும்பாலும் ஒரு சிறு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது; கூர்ந்து கேட்டால் அதே ஏற்ற இறக்கம் அதே இடைவெளியில் திரும்ப வரும்.

உண்மையிலேயே மின்சார ரீங்காரம் இருந்தாலும் அவசரப்படக் கூடாது. மூலத்தட்டிலிருந்து நாடாவுக்கு, நாடாவிலிருந்து குறுந்தகட்டுக்கு என்று படியெடுத்த ஒவ்வொரு முறையும் அந்த அறையின் மின்சாரம் தன் தடத்தை விட்டுச் செல்லும். ரீங்காரம் சொல்வது இவ்வளவுதான்: இந்தப் படி ஏதோ ஒரு காலத்தில் ஓர் அறையைக் கடந்து வந்திருக்கிறது.

வேகமும் தொல்லை. பழைய தட்டைச் சற்றே வேகமாக ஓட்டிப் படியெடுத்திருந்தால் எல்லா எண்களும் ஏறிவிடும், 240 ஹெர்ட்ஸ் 250 ஆகிவிடும். ஆனால் எஞ்சின் வெடிப்புக்கும் ப்ரொப்பெல்லர் ஓசைக்கும் உள்ள விகிதம் மாறாது. மெர்லின் பூட்டிய லான்காஸ்டரில் அது ஏறக்குறைய 4.76. பி-17-இல் ஒன்பது சிலிண்டர் ரைட் சைக்ளோன் எஞ்சின், வேறு பல்சக்கரம். அங்கே விகிதம் 2.67. தட்டு எந்த வேகத்தில் ஓடினாலும் இந்த விகிதத்தை யாரும் தற்செயலாக மாற்றிவிட முடியாது. “லான்காஸ்டர் குழுவின் குரல்” என்று பெயரிட்ட பதிவில் 2.67 கிடைத்தால், பின்னணி ஒலி வேறு விமானத்துடையது என்று துணிந்து சொல்லலாம். தாழ்ந்த ஓசைகள் இன்டர்காம் வழியாகச் சரியாக வராததால் எல்லாப் பதிவிலும் இந்தச் சோதனை பலிக்காது. பலிக்கும் இடத்தில் இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

அடுத்து மைக். பிரிட்டிஷ் குழுவினரின் மைக் ஆக்சிஜன் முகமூடிக்குள் இருந்தது. அதற்கு ஒரு விசை உண்டு. பேசும்போது விசையைப் போடுவார்கள், முடிந்ததும் அணைப்பார்கள். ஆகவே உண்மையான இன்டர்காம் பதிவில் ஒருவர் பேசத் தொடங்கும்போது அவரைச் சுற்றியுள்ள இரைச்சலும் சேர்ந்து எழும்; அவர் நிறுத்தும்போது அதுவும் விழும். பின்கோடியில் உட்கார்ந்திருக்கும் துப்பாக்கி வீரரின் இரைச்சலும் விமானியின் இரைச்சலும் ஒன்றுபோல் இருக்காது. அமெரிக்கக் குழுக்களில் பலர் தொண்டையில் அணியும் மைக்கைப் பயன்படுத்தினார்கள். அதில் ‘ச’, ‘ஷ’ போன்ற ஒலிகள் மழுங்கிவிடும். எல்லோருடைய குரலும் ஒரே அறையில், ஒரே தூரத்தில் இருப்பதுபோல், வழுவழுவென்று எல்லா எழுத்தும் தெளிவாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

வெடியோசையைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. நான்கு எஞ்சின் அலறும் கூட்டுக்குள், காதை மூடிய தோல் தலைக்கவசத்தோடு, 18,000 அடிக்கு மேலே இருப்பவர்களுக்குத் தாங்கள் போட்ட குண்டு கீழே வெடிக்கும் ஓசை கேட்காது. விழும் குண்டின் விசிலும் கேட்காது. அது கீழே இருப்பவருக்குக் கேட்கும் ஒலி. விமான எதிர்ப்புக் குண்டுகூட மிக அருகில் வெடித்தால்தான் கேட்கும். விசிலும் முழக்கமும் துல்லியமாக இருக்கிற பதிவு, ஒலிக்கூடத்தில் விளைந்தது.

பேச்சிலும் சாட்சி இருக்கிறது. குண்டு குறிபார்ப்பவர் இலக்கை நெருங்கும்போது விமானியை இடப்பக்கம் திருப்ப “லெஃப்ட், லெஃப்ட்” என்று இருமுறையும், வலப்பக்கம் திருப்ப “ரைட்” என்று ஒருமுறையும் சொல்வார். இரைச்சலில் சொல் கேட்காவிட்டாலும் எண்ணிக்கை கேட்கும் என்பதற்காக வகுத்த முறை அது. குண்டு குறிபார்ப்பது விமானப்படையில் தனிப் பதவியானது 1942-இல்தான். 1940-ஆம் ஆண்டுப் பதிவு என்று சொல்லிக்கொள்ளும் ஒன்றில் 1943-இன் குழு அமைப்பு முழுமையாகக் கேட்டால், தேதி பொய் என்று கொள்ளலாம்.

இனி மறுபக்கத் தவறுக்கு வருகிறேன். உங்கள் காணொளிகளின் கீழே வரும் கருத்துகளில், உண்மையான பதிவையும் “நடிப்பு” என்று அடித்துப் பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: இவ்வளவு அமைதியாகப் பேசுகிறார்களே, சாகப்போகிறவன் இப்படியா பேசுவான்? ஆம், இப்படித்தான் பேசினார்கள். ஒரே கம்பியில் ஏழு பேர் இணைந்திருக்கிறார்கள். ஒருவன் அலறினால் மற்ற ஆறு பேரின் காதும் அடைபட்டுவிடும். அந்த நொடியில் இரவுப்போர் விமானத்தைப் பற்றிய எச்சரிக்கை கேட்காமல் போனால் எல்லோரும் சாவார்கள். சுருக்கமாக, ஏற்ற இறக்கமில்லாத குரலில் பேசுவது அவர்கள் பயிற்சியில் கற்ற உயிர்காப்பு. லெட்ஃபோர்டின் விமானப் பதிவில் எதிரி விமானத்தைச் சந்திக்கும் கட்டத்தில் குரல்கள் சட்டென்று உயர்கின்றன, விரைவிலேயே அடங்கியும் விடுகின்றன. சினிமா கற்றுத்தந்த பதற்றத்தை அளவுகோலாக வைத்து அந்த அடக்கத்தைப் போலி என்பது, அந்த ஏழு பேருக்கும் செய்யும் அநியாயம்.

இதே அநியாயத்தை இன்னொரு வழியில் நாமும் செய்கிறோம். இரைச்சல் நீக்கும் மென்பொருள் இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. பழைய பதிவைப் போட்டால் எஞ்சின் ஓசையை அது தேவையற்றதாகக் கருதித் துடைத்துவிடுகிறது. மிஞ்சுவது வெற்றிடத்தில் மிதக்கும் குரல்கள். அதைக் கேட்பவர் “பின்னணியே இல்லையே, ஒலிக்கூடத்தில் எடுத்தது” என்று முடிவு கட்டுகிறார். சாட்சியை நாமே அழித்துவிட்டுச் சாட்சி இல்லை என்கிறோம். தெளிவுக்காகச் சற்றுச் செப்பனிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் செப்பனிடாத மூலப்படியையும் கொஞ்ச நேரமாவது கேட்க விடுங்கள், செப்பனிட்டோம் என்று சொல்லியும் விடுங்கள்.

வெட்டி ஒட்டியிருப்பதும் போலிக்கு அடையாளம் ஆகாது. ஏழெட்டு மணி நேரப் பயணத்தில் சில தட்டுகள்தான் பதிவாயின. போர்க்காலத் தணிக்கையைத் தாண்டித்தான் எதுவும் ஒலிபரப்பாகும். வெட்டாத பதிவு ஒலிபரப்பானால்தான் நான் வியப்பேன்.

பதிவு உண்மையாக இருந்து, அதில் சொல்லப்படுவது பொய்யாக இருக்கவும் கூடும். 1940 ஜூலை 14 அன்று டோவர் கடற்கரையில் பி.பி.சி.யின் சார்லஸ் கார்ட்னர் வான்சண்டையைப் பார்த்தபடியே வர்ணித்துப் பதிவு செய்தார். கிரிக்கெட் வர்ணனைபோல் இருக்கிறது என்று அப்போதே சிலர் கண்டித்த பதிவு அது. பாரசூட்டில் இறங்கிய ஒருவரை ஜெர்மானியர் என்று உற்சாகமாக அறிவித்தார் கார்ட்னர். உண்மையில் அவர் ஹரிக்கேன் என்ற போர் விமானத்தை ஓட்டிய பிரிட்டிஷ் விமானி. காயங்களால் மறுநாள் இறந்தார். பதிவில் எந்த மோசடியும் இல்லை, கார்ட்னரும் பொய் சொல்லவில்லை, இருந்தும் சொன்னது தவறு. பழைய ஒலியை அப்படியே மொழிபெயர்த்து “ஜெர்மன் விமானம் வீழ்ந்தது” என்று நம் காணொளியில் எழுதினால், அந்தத் தவறை எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு நாம் மறுபடி செய்கிறோம்.

1942 மே 19 இரவு இங்கிலாந்தின் சர்ரே பகுதித் தோட்டம் ஒன்றில் பதிவான நைட்டிங்கேல் பறவையின் பாடல் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பறவையின் பாட்டை நேரடியாக ஒலிபரப்ப வந்த பி.பி.சி. பொறியாளர், வானில் குண்டுவீச்சு விமானங்களின் முழக்கம் எழுவதைக் கேட்டு, எதிரிக்கு அது எச்சரிக்கை ஆகிவிடும் என்று ஒலிபரப்பை நிறுத்தச் செய்தார். பதிவு மட்டும் தொடர்ந்தது. பறவையின் பாட்டுக்கு மேலே விமானங்கள் நெருங்கி, நிறைந்து, தேய்கின்றன. எனக்குத் தெரிந்த போர்க்கால ஒலிகளில் இதற்கு நிகர் இல்லை. அன்றிரவு ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்துக்குச் சென்றவை 197 விமானங்கள், இழந்தவை 11. இந்த எண்ணிக்கையைப் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைப்பிரிவின் ஆவணங்கள் தருகின்றன. “இந்தப் பதிவில் 197 விமானங்களின் ஓசையைக் கேட்கிறீர்கள்” என்று தலைப்பு எழுதுகிறவர்களோ தம் விருப்பத்தை எழுதுகிறார்கள். ஒரு தோட்டத்துக்கு மேலே எத்தனை விமானங்கள் சென்றன என்று அந்தத் தட்டு சொல்லாது.

நான் ஏன் இதில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன் என்று சிலர் கேட்கிறார்கள். இந்த ஒலிகளுக்கு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. மரோ சென்ற அதே இரவில் 40 விமானங்கள் வீழ்ந்தன. வேறு விமானங்களில் சென்ற நோர்வேக் கவிஞர் நூர்டால் கிரீக், ஆஸ்திரேலியச் செய்தியாளர் நார்மன் ஸ்டாக்டன் இருவரும் திரும்பவில்லை. பி.பி.சி.யின் கென்ட் ஸ்டீவன்சன் 1944 ஜூனில் ஜெர்மனியின் வெஸ்ஸலிங் மீதான தாக்குதலுக்குச் சென்ற லான்காஸ்டரில் இறந்தார்; கை பயாம் 1945 பிப்ரவரி 3 அன்று பெர்லின் சென்ற பி-17-இல் இறந்தார். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டார்கள். சுத்தமான, பரபரப்பான, பிற்காலப் பதிவை அவர்கள் பெயரில் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பதிவுகள் எல்லாம் மேலிருந்து கேட்கும் காதுகள். கீழே தீயில் இருந்த பெர்லின்வாசியின் குரல் லெட்ஃபோர்டின் விமானத்தில் பதிவாகவில்லை. பதிவாக வழியும் இல்லை. பொய்யான வெடியோசையைச் சேர்க்கும்போது, கீழே நடந்ததையும் கேட்டுவிட்டோம் என்ற நிறைவை நேயருக்குக் கொடுத்துவிடுகிறோம். எஞ்சின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்காத அந்த வெறுமையில்தான், மேலே இருந்தவர்களுக்குக் கீழே நடந்தது எவ்வளவு தூரமாக இருந்தது என்பது விளங்கும். அதைக் கேட்க நேயருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் அல்ல. ஒலித்துண்டு ஓடும்போது திரையின் ஓரத்தில், யார் எங்கே எப்போது எதில் பதிவு செய்தது என்று போடுங்கள். விமானத்தில் பதிவானதா, திரும்பிய பின் பேசியதா, படத்துக்காகப் பேசியதா, முதுமையில் நினைவுகூர்ந்ததா என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் “உறுதி செய்யப்படவில்லை” என்று எழுதுங்கள். நேயர்கள் அதற்காக உங்களை விட்டு ஓடிவிட மாட்டார்கள். லான்காஸ்டரின் ஒலிக்கு பி-17-இன் காட்சியை ஒட்டினால் அதையும் குறிப்பிடுங்கள். செயற்கை நுண்ணறிவால் குரல்களை உருவாக்கி, தட்டின் கரகரப்பையும் பூசி, “கிடைக்காத பதிவு கிடைத்தது” என்று வெளியிடும் வேலை ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. அதைத் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். நாளை ஓர் உண்மைத் தட்டு எந்தப் பரணிலிருந்தாவது வெளிவந்தால் அதை யாரும் நம்பாத நிலையை நாமே உண்டாக்கிவிடுவோம்.

தேடுவதற்கு இடமும் இருக்கிறது. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் ஒலிக் காப்பகத்தில் பெரும்பகுதி இணையத்திலேயே கேட்கக் கிடைக்கிறது. லிங்கன் நகரிலுள்ள பன்னாட்டுக் குண்டுவீச்சுப் படைப்பிரிவு மையத்தின் இலக்கக் காப்பகத்தில் முன்னாள் வீரர்களின் நேர்காணல்களோடு, குண்டுவீச்சுக்கு ஆளானவர்களின் நினைவுகளும் உள்ளன. பலவற்றைத் தமிழில் யாரும் இன்னும் தொடவே இல்லை. உங்கள் அடுத்த தொடருக்கு அங்கே நிறைய இருக்கிறது.

உங்களிடம் விவரம் தெரியாத ஒலித்துண்டு ஏதேனும் இருந்தால் வெளியிடுவதற்கு முன் என்னைப் போன்ற ஒலித்துறையினர் யாரிடமாவது கொடுத்துக் கேளுங்கள். இதற்காகக் கட்டணம் கேட்கிறவர்களை நான் பார்த்ததில்லை. பழைய ஒலி என்றால் நாங்களே ஓடி வருவோம். ஏற்கெனவே வெளியான காணொளிகளில், ‘மெம்ஃபிஸ் பெல்’ உரையாடலை அசல் இன்டர்காம் பதிவு என்று சொல்லியிருக்கும் இடங்களை முதலில் திருத்துங்கள். தலைப்பை மாற்ற அரை நிமிடம் ஆகும். வின்ஃபோர்ட் வான்-தாமஸின் பெர்லின் பதிவை அதே காணொளியின் கீழே இணைப்பாகக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
பழைய ஒலித்தட்டுகளோடு வேலை செய்யும் ஒரு நேயர்